சைபரில் நின்ற மீட்டர்

“கேட்டைத் திறந்தது நீ, தொட்டி மூடியைத் தூக்கினது நீ, உள்ள கையை விட்டது—”

“விட்டேன், கையை விடாம வால்வை எப்படி மாத்துறது, அதுக்குத்தான என்னை வரச் சொன்—”

“வரச் சொன்னது வேலைக்கு. அன்னைக்கு உன்னைத் தவிர இங்க யாரு கால் வெச்சா? யாருமே இல்லைன்னு மீட்டரே சொல்லுது, பாத்தியா, சைபர்—”

“அதைத்தான் மூணு தடவையாச் சொல்ல வாரேன், நான் மாட்டின மீட்டர் சைபர்ல—”

“சார், இவளை அந்தப் பக்கமா உக்கார வைங்க. காதுல ரத்தம் வருது.”

திருநகரில் ஆனிமேரி டீச்சர் வீட்டு வாசலில் ஆட்டோவை நிறுத்திய காசிமாயன், உள்ளே போகலாமா, இன்னும் ரெண்டு நிமிஷம் வெளியிலேயே நின்று கேட்கலாமா என்று யோசித்தான். ஓசியில் கிடைக்கிற சண்டையை அவன் பாதியில் விட்டதில்லை. ஆனால் பின் சீட்டிலிருந்து இறங்கிய ஹெப்சிபா, கண்ணாடியை முந்தானையில் துடைத்துக்கொண்டே நேரே முற்றத்துக்குப் போய்விட்டாள். துப்பறிகிறவள் போனபிறகு துணைக்கு வந்தவன் வாசலில் நிற்க முடியாது. அவனும் போனான்.

காதில் ரத்தம் வருவதாகச் சொன்ன ஆள் ஆன்சன், டீச்சரின் தம்பி. கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை, நாலு விரலில் மோதிரம், சட்டைக்கு வெளியே தெரியும்படி எடுத்துவிட்ட ஜெபமாலை. திருப்பரங்குன்றத்தில் லாட்ஜ் வைத்திருக்கிறான். பேச்சு முடிந்ததும் உதட்டைத் துடைத்துக்கொண்டான், ஏதோ விருந்து சாப்பிட்டு எழுந்தவன் மாதிரி.

பாதிப் பேச்சில் வாயடைக்கப்பட்டவள் ஜெயக்கொடி. நாற்பது வயசு. கேஸ் அடுப்பு ரெகுலேட்டர், தண்ணீர் மீட்டர், வால்வு, எது மக்கர் பண்ணினாலும் அந்த வட்டாரத்தில் அவளைத்தான் கூப்பிடுவார்கள். இப்போது முருங்கை மரத்தடியில் தரையில் உட்கார்ந்திருந்தாள். அவளுடைய பையைத் தலைகீழாகக் கொட்டியிருந்தார்கள். ஸ்பேனர், வாஷர், வெள்ளை டேப், பழைய துணி எல்லாம் மண்ணில் கிடந்தன. காவலுக்கு நின்ற சப்-இன்ஸ்பெக்டர் அழகுராஜா, பறிமுதல் செய்த அவள் செல்போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு காபி குடித்துக்கொண்டிருந்தார்.

ஆன்சன் ஹெப்சிபாவைப் பார்த்ததும் கும்பிட்டு, நாற்காலி போடச் சொன்னான். வந்தது முற்றத்து வெயிலில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. காசிமாயனுக்கு அதுவும் இல்லை.

“அக்கா, நம்ம தகுதிக்கு நாற்காலி கொடுத்ததே பெருசு” என்றான் அவன் மெதுவாக. “வீட்டுக்குள்ள விட்டா தரை தேய்ஞ்சிரும்.”

விஷயத்தை ஆன்சனே சொன்னான். சொல்வதில் அவனுக்கு ஒரு ருசி இருந்தது.

அக்கா மகள் ஆஷ்லினுக்கு ஜனவரியில் கல்யாணம். நகையெல்லாம் வாங்கி வைத்தாயிற்று. இந்த நேரத்தில் வேளாங்கண்ணிக்கு ஒரு நேர்த்திக்கடன். பீரோவில் வைத்துவிட்டுப் போனால் திருடன் முதலில் பார்க்கிற இடம் பீரோ. ஆகவே முப்பது வருஷம் பாடம் நடத்திய ஆனிமேரி டீச்சர், நகை மொத்தத்தையும் எவர்சில்வர் டப்பாவில் போட்டு, பாலித்தீன் சுற்றி, ஒரு செங்கல்லைக் கட்டி, முற்றத்தில் இருக்கிற தரைத்தொட்டித் தண்ணீருக்குள் இறக்கிவிட்டார். வியாழக்கிழமை விடியற்காலை தாயும் மகளும் கிளம்பினார்கள். அன்று பத்து மணிக்கு ஜெயக்கொடி வந்தாள். ஓடாத பழைய மீட்டரைக் கழற்றிப் புதுசு மாட்டவும், தொட்டிக்குள் ஒழுகுகிற மிதவை வால்வை மாற்றவும் முன்பே பேசி, கேட் சாவியும் கொடுத்திருந்தது. நேற்று, திங்கட்கிழமை சாயங்காலம் ஊர் திரும்பிப் பார்த்தால் தொட்டி நிறையத் தண்ணீர் இருக்கிறது, டப்பா இல்லை. தானும் வியாழனிலிருந்து திங்கள் வரைக்கும் கொடைக்கானலில் தியானத்துக்குப் போயிருந்ததாக ஆன்சன் சேர்த்துக்கொண்டான்.

“பேங்க் லாக்கர்னு ஒண்ணு கண்டுபிடிச்சிருக்காங்களாம்ல” என்றான் காசிமாயன்.

யாரும் அவனைத் திரும்பிப் பார்க்கவில்லை. படிப் பக்கம் நின்ற டீச்சர் மட்டும் முகத்தைச் சுளித்தார்.

ஆன்சன் விரலை விட்டு எண்ணிக் காட்டினான். தொட்டி ஏழடி ஆழம், வாய் ரெண்டடி. தண்ணீர் இருக்கும்போது ஆள் இறங்க முடியாது. அடியில் இருந்த சேறுகூட இப்போது இல்லை, ஆக யாரோ தண்ணீரை மொத்தமாக இறைத்துத்தான் எடுத்திருக்கிறார்கள். இறைத்த தொட்டியைத் திரும்ப நிரப்ப வேண்டும். நிரப்புகிற தண்ணீர் மீட்டர் வழியாகத்தான் வர வேண்டும். மீட்டரோ சைபரில் நிற்கிறது. அப்படியென்றால் தொட்டி காலியானதும் நிரம்பியதும் புது மீட்டர் மாட்டுவதற்கு முன்பு, பழையது கழன்று குழாய் வெறுமனே கிடந்த நேரத்தில். அப்போது இந்த முற்றத்தில் இருந்தது ஒரே ஒருத்தி.

சொல்லிவிட்டு முருங்கை மரத்தடியைக் காட்டினான்.

காசிமாயனுக்கு வயிற்றெரிச்சலாக இருந்தது. எங்கே ஓட்டை என்று தேடினான், கிடைக்கவில்லை. இந்த மாதிரி ஆள் சரியாக யோசித்திருக்கிறான் என்பதை ஒப்புக்கொள்வது அவனுக்குக் கசப்பு மருந்து குடிக்கிற மாதிரி.

“சரி, நான் எதுக்கு?” என்றாள் ஹெப்சிபா.

அவள் எடையளவு ஆய்வாளராகப் பத்தொன்பது வருஷம் இருந்தவள். மேலதிகாரி காட்டிய தராசுக்கெல்லாம் முத்திரை குத்த மாட்டேன் என்று வேலையை விட்டுவிட்டு வந்தவள். அது ஆன்சனுக்குத் தெரிந்திருந்தது. மீட்டரில் சைபர் இருக்கிறது, அதன் வழியாகத் தண்ணீர் போகவில்லை என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் போதும், கேஸ் கெட்டியாகிவிடும் என்றான். துப்பறிகிற வேலையெல்லாம் அவளுக்கு வைக்கவில்லை, அதை அவனே முடித்துவிட்டான் என்று சிரிக்கவும் சிரித்தான்.

ஹெப்சிபா கையெழுத்துப் போடவில்லை. கேட்டுக்குப் பக்கத்தில் சுவரோரம் இருந்த மீட்டர்முன் குத்துக்கால் போட்டு உட்கார்ந்தாள். புது மீட்டர், கண்ணாடி பளிச்சென்று இருந்தது. கறுப்பு எண்கள் எல்லாம் சைபர். லிட்டர் கணக்குக் காட்டுகிற சிவப்பு எண்களும் சைபர். ரெண்டு பக்கமும் பித்தளை நட்டு. அந்த நட்டின்மேல் விரலை வைத்துத் தடவினாள். பிறகு காசிமாயன் விரலைப் பிடித்து இழுத்து அதே இடத்தில் வைத்தாள். பல் பல்லாகக் கடித்த தழும்பு.

“திருட்டுப் போன வீட்டுல பூட்டைப் பார்ப்பாங்க, ஜன்னலைப் பார்ப்பாங்க. மீட்டரைப் பார்க்கணும்னு உங்களுக்குத் தோணியிருக்கு” என்றாள் ஆன்சனிடம்.

“எல்லாருக்கும் தோணாது மேடம்” என்றான் அவன்.

“தோணாதுதான்.”

பாராட்டு என்று எடுத்துக்கொண்டான். மோதிர விரலால் மீசையை நீவியும் விட்டான். காசிமாயன் வானத்தைப் பார்த்தான்.

ஹெப்சிபா மரத்தடிக்குப் போய் ஜெயக்கொடி பக்கத்தில் மண்ணிலேயே உட்கார்ந்தாள். காசிமாயன் கூடப் போகப் பார்த்தபோது அழகுராஜா கூப்பிட்டு நிறுத்தினார். நாலு மணிக்குக் கைதுசெய்து கொண்டுபோவதாகவும், அதுவரைக்கும் டீச்சர் வீட்டு மரியாதைக்காகக் காத்திருப்பதாகவும், வெயிலில் தனக்கு மண்டை காய்வதாகவும் சொன்னார். மண்டையில் காய்வதற்கு ஏதாவது ஈரம் இருந்திருக்க வேண்டுமே என்று காசிமாயன் நினைத்துக்கொண்டான், சொல்லவில்லை. போலீசிடம் அவன் நகைச்சுவைக்குக் கொஞ்சம் அடக்கம் உண்டு.

மரத்தடியில் பேச்சு ரெண்டு நிமிஷம்கூட இல்லை. ஹெப்சிபா எழுந்து வரும்போது முகம் மாறியிருந்தது. புளிச்ச மாவைக் கண்ட முகம். காசிமாயனுக்கு அந்த முகம் தெரியும். அவள் யாரையோ கண்டுபிடித்துவிட்டாள், அந்த யாரோ அவளுடைய மரியாதையை முழுசாக இழந்துவிட்டான்.

மண்ணில் கிடந்த ஸ்பேனர்களைக் குனிந்து பார்த்த காசிமாயனிடம் ஜெயக்கொடி கேட்டாள், சத்தம் இல்லாமல்.

“அண்ணே, ஜெயில் போயிட்டுக்கூட வந்துருவேன். நாளைக்கு எவ வீட்டு அடுப்படிக்குள்ள என்னை விடுவா?”

அவனிடம் இருந்த எந்தத் தமாஷும் அதற்குப் பொருந்தவில்லை. அவள் ஸ்பேனர் எல்லாம் வாய் வழுவழுவென்று இருந்தன. நட்டில் பல் பதிக்கிற பைப் ரெஞ்சு அந்தக் குவியலில் ஒன்றுகூட இல்லை. அதை மட்டும் மனசில் வைத்துக்கொண்டு எழுந்தான்.

வெளியே வந்ததும் ஹெப்சிபா ஆட்டோவில் ஏறாமல், தெருவின் கடைசி வீட்டுக்கு நடந்தாள். குழாய் போகிற வரிசையில் டீச்சர் வீட்டுக்கு அடுத்தது அதுதான், அதோடு தெருவும் முடிந்தது. கதவைத் திறந்த பாண்டிச்செல்வி, டீச்சர் வீட்டுப் பேச்சு என்றதும் இடுப்பில் கையை வைத்துக்கொண்டாள்.

இந்தத் தெருவில் ஒரு நாள் விட்டு ஒரு நாள் காலையில் ரெண்டு மணி நேரம் தண்ணீர் வரும். வியாழன் ஒழுங்காக வந்தது. சனிக்கிழமை பாதிக்கு மேல் வரவில்லை. திங்கட்கிழமை ஒன்றுமே இல்லை. முன்னாடி வீட்டில் குழாயை முழுசாகத் திறந்து இழுத்தால் கடைசி வீட்டுக்குக் காற்றுதான் வரும் என்று விளக்கம் சொன்னாள். தண்ணீர் லாரி ஓட்டிப் பழகிய காசிமாயனுக்கு அந்த விளக்கம் தேவையிருக்கவில்லை.

“டீச்சர் வீடு பூட்டியில்ல கிடந்துச்சு” என்றான்.

“பூட்டுதான் அண்ணே. திங்கக்கிழமை காலையில சத்தம் போடலாம்னு போனேன். பூட்டு கேட்டுக்கு உள்பக்கமாத் தொங்குச்சு. ஊருக்குப் போனவுக வந்துட்டாக போலன்னு திரும்பிட்டேன். அவுககிட்ட சண்டைக்கு நின்னா இங்கிலீசுல பேசுவாக.” வாசல் சாக்கடையைக் கையால் காட்டினாள். “இங்க என் குழாயில சொட்டுத் தண்ணி இல்லை. வாசச் சாக்கடையில பார்த்தா நல்ல தண்ணி, கண்ணாடி மாதிரி, ஒரு மணி நேரமா ஓடுது. அதுல போயி குடத்தை வைக்கவா முடியும்?”

போலீஸ்காரர்கள் இதைக் கேட்டார்களா என்றான். தன்னிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை என்றாள்.

ஆட்டோ திருப்பரங்குன்றம் பக்கம் ஓடியது. ரோட்டில் கல்யாண வேன்கள் அடைத்துக்கொண்டு நின்றன. முகூர்த்த நாள்.

“அக்கா, எனக்கு ஒரு சந்தேகம். சனிக்கிழமை தொட்டியை இறைச்சு நகையை எடுத்துட்டு நிரப்பிட்டான். சரி. திங்கக்கிழமை நல்ல தண்ணியை ஏன் சாக்கடையில விட்டான்? புண்ணியத்துக்கா?”

“நீ ஆட்டோவை ஓட்டு. பின்னாடி போகாம முன்னாடி பார்த்து ஓட்டு.”

“இதுல ஏதாவது துப்பு இருக்கா, இல்லை திட்டா?”

“ரெண்டும்.”

ஆன்சனின் லாட்ஜ் சன்னதித் தெருவுக்குப் பின்னால், ரெண்டு மாடி, வெளியே கிரானைட், உள்ளே பாச்சை மருந்து வாடை. கல்யாணத்துக்கு ரூம் கேட்கிற மாமன் மாதிரி காசிமாயன் வரவேற்பில் நின்று ரூமுக்கு எம்புட்டு, வெந்நீர் உண்டா, கட்டில் ஆடுமா என்று ஆளைப் பிடித்து வைத்துக்கொண்டான். ஹெப்சிபா பின்பக்கம் போனாள். கொஞ்ச நேரத்தில் அவனும் போனபோது அவள் தண்ணீர் மீட்டர் முன்னால் நின்றுகொண்டிருந்தாள்.

அந்த மூலையில் எல்லாமே அழுக்கு. சுவரில் பாசி, குழாயில் துரு, மீட்டர் உடம்பில் பச்சைக் களிம்பு, கண்ணாடி மேல் சிலந்தி வலை. ரெண்டு பக்கத்து நட்டும் மட்டும் விளக்கி வைத்த குத்துவிளக்கு மாதிரி மின்னின. மின்னிய நட்டில் பல் தழும்பு.

“இதை யாரு இம்புட்டு பக்தியா விளக்குறது?” என்றான் காசிமாயன்.

பக்கத்தில் துணி துவைத்துக்கொண்டிருந்த தங்கப்பொண்ணு அதைக் கேட்டுச் சிரித்துவிட்டாள். எட்டு வருஷமாக அங்கே படுக்கை விரிப்பு துவைக்கிறவள். சிரித்தபிறகு பயந்து சுற்றுமுற்றும் பார்த்தாள். முதலாளி இல்லை என்று தெரிந்ததும் சோப்பைக் கீழே வைத்தாள்.

முதலாளிதான் கழற்றுவாராம், வேறு யாரையும் தொட விடமாட்டாராம். பத்து நாள் நேராக ஓடும். அப்புறம் கழற்றி முன்னைப் பின்னாக மாட்டுவார். பத்து நாள் பின்னால் ஓடும். ஆள் வந்து மீட்டர் பார்க்கிற நாளைக்கு முந்தின நாள் திரும்ப நேராக்கிவிடுவார். பார்க்கிறவர்களுக்கு இந்த லாட்ஜில் குளிக்கிறவர்களே கிடையாது என்றுதான் தோன்றும்.

ஹெப்சிபா அந்த மீட்டரில் இருந்த அம்புக்குறியைக் காட்டினாள். தண்ணீர் இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் போக வேண்டும் என்று எல்லா மீட்டரிலும் போட்டிருக்கும். இங்கே அம்பு தண்ணீருக்கு எதிராகப் பார்த்துக்கொண்டிருந்தது. சக்கரம் பின்னால் சுற்றிக்கொண்டிருந்தது, ரொம்பச் சாவகாசமாக.

காசிமாயன் கொஞ்ச நேரம் அதையே பார்த்தான். பிறகு தலையில் தட்டிக்கொண்டான். தொட்டியை நிரப்பினபோது முன்னால் ஓடின மீட்டரைப் பின்னால் ஓட்ட அம்புட்டுத் தண்ணீர் வேண்டும். தொட்டியோ நிரம்பிவிட்டது. தண்ணீர் போக வேறு இடம் ஏது, சாக்கடைதான்.

“சனிக்கிழமை உங்க முதலாளி எங்கம்மா இருந்தாரு?” என்று கேட்டாள் ஹெப்சிபா. “கொடைக்கானல்ல தியானத்துக்குப் போயிருந்ததாச் சொன்னாரே. வியாழன்ல இருந்து திங்கள் வரைக்கும்.”

தங்கப்பொண்ணு விரிப்பைப் பிழிந்துகொண்டே சொன்னாள். “தியானத்துக்கு எவனாச்சும் தண்ணி இறைக்கிற மோட்டாரை எடுத்துட்டுப் போவானா தாயி? சனிக்கிழமை விடிஞ்சதும் நான்தான் பிடிச்சுக் கார்ல ஏத்தி விட்டேன். ரெஞ்சும் கொண்டுபோனாரு. மத்தியானம் திரும்ப வந்து ஒன்பதாம் நம்பர் ரூமை அவரே பூட்டி, ரிப்பேர்னு அட்டை தொங்க விட்டாரு. அதுல என்ன ரிப்பேரு, அதுக்கு முந்தின நாள்தான் கூட்டினேன்.”

போலீசில் கேட்டால் சொல்வாயா என்றதற்கு, எட்டு வருஷமாகத் தன்னை ஏய் என்று கூப்பிட்டவனுக்காக வாயை மூடிக்கொள்ள வேண்டிய அவசியம் தனக்கு இல்லை என்றாள்.

திருநகருக்குத் திரும்பியபோது மணி மூன்றரை. ஜீப் கேட் முன்னால் வந்து நின்றிருந்தது. வேடிக்கை பார்க்கத் தெருவும் வந்திருந்தது. ஜெயக்கொடி அதே மண்ணில் உட்கார்ந்திருந்தாள். ஆன்சன் பேனாவைத் திறந்து தயாராக நீட்டினான்.

“மேடம், அந்தக் கையெழுத்து.”

“போடுறேன்” என்றாள் ஹெப்சிபா. “அதுக்கு முந்தி ஒண்ணு. காலையில இந்தப் பொண்ணு ஒரு பேச்சை ஆரம்பிச்சா, நீங்க முடிக்க விடலை. எஸ்.ஐ. சாரும் விடலை. பாதிப் பேச்சை விட்டுட்டுப் போறது எனக்குப் பிடிக்காது. ஜெயக்கொடி, நீ மாட்டின மீட்டர் சைபர்ல?”

“நிக்காது” என்றாள் ஜெயக்கொடி. எழுந்து நின்று சொன்னாள். “மாட்டி முடிச்சதும் இருபது லிட்டர் கேனை வெச்சு ரெண்டு தடவை தண்ணி பிடிப்பேன். கேன் நிறையும்போது மீட்டர் இருபது ஓடியிருக்கணும். அடுத்ததுக்கு நாப்பது. கூடக்குறைய ஓடுச்சுன்னா கழட்டிக் கடையில கொடுத்துட்டு வேற வாங்கிட்டு வருவேன். நான் வேலையை முடிச்சு எந்திரிக்கையில எந்த வீட்டு மீட்டரும் நாப்பதுக்குக் குறைஞ்சு நின்னதில்லை.”

அழகுராஜாவின் வாய் லேசாகத் திறந்துகொண்டது. உள்ளே ஏதோ நகர்ந்து இடம் மாறுகிறது என்று காசிமாயனுக்குத் தோன்றியது.

ஆன்சன் சிரித்தான். “கதை. பிடிச்சாளா, பிடிக்கலையா, எவன் பார்த்தான்? மாட்டிக்கிட்டவ ஆயிரம் சொல்லுவா.”

“அதுவும் சரிதான்” என்றாள் ஹெப்சிபா. “சார், உங்க சட்டைப் பையில இருக்கிற போனைக் கொடுங்க.”

“அது பறிமுதல் செஞ்சது மேடம்.”

“பறிமுதல் செஞ்சதைத் திறந்து பார்க்கிற வழக்கம் உண்டா, இல்லை சட்டைக்கு அழகா இருக்குன்னு வெச்சிருக்கீங்களா?”

தெருவில் யாரோ சிரித்தார்கள். அழகுராஜா போனை எடுத்தார். மீட்டர் மாட்டுகிற ஒவ்வொரு வீட்டிலும் கேனையும் மீட்டரையும் சேர்த்துப் படம் எடுத்து மீட்டர் கடைக்காரருக்கு அனுப்புவது ஜெயக்கொடியின் வழக்கம். பின்னால் மீட்டர் கோளாறு என்று யாராவது சொன்னால் கடைக்காரர் மாற்றிக் கொடுக்க அதுதான் அத்தாட்சி. காலையில் மரத்தடியில் ஹெப்சிபா தெரிந்துகொண்டது அதைத்தான். படம் இருந்தது. வியாழக்கிழமை, பதினொன்று ஐந்து. நீலக் கேன், இதே சுவர், இதே மீட்டர். சிவப்பு எண்ணில் நாற்பது.

காலையிலிருந்து அந்தப் படம் அவர் நெஞ்சிலேயே இருந்திருக்கிறது. அழகுராஜா போனைப் பார்த்தார், மீட்டரைப் பார்த்தார், கடைசியில் தன் பூட்ஸைப் பார்த்தார்.

“வியாழக்கிழமை நாப்பதுல நின்ன மீட்டர் இன்னைக்குச் சைபருக்கு வந்திருக்கு” என்றாள் ஹெப்சிபா. “தண்ணி போகாததால வந்த சைபர் இல்லை இது. யாரோ ஒருத்தன் சனிக்கிழமை தொட்டியை நிரப்பினான். நிரப்பினபிறகுதான் மீட்டர் புதுசுன்னு அவன் கண்ணுல பட்டிருக்கு. அதுல ரெண்டாயிரம் சொச்சம் ஓடியிருந்தது. பயந்துட்டான். அடுத்து தண்ணி வந்த திங்கக்கிழமை மீட்டரை முன்னைப் பின்னாத் திருப்பி மாட்டி, நல்ல தண்ணியைச் சாக்கடையில விட்டு, முழுசாச் சைபருக்குக் கொண்டுவந்து நிறுத்தினான். புதுசுன்னா சைபராத்தான் இருந்திருக்கும்னு அவனா முடிவு பண்ணிக்கிட்டான். மீட்டரைத் திருப்பி மாட்டியே பழகினவன் அவன். ஒரு தடவைகூட ஒழுங்கா மாட்டிப் பார்த்ததில்லை. ஒழுங்கா மாட்டத் தெரிஞ்சவனா இருந்திருந்தா நாப்பதுல நிறுத்தியிருப்பான், இந்தப் பொண்ணு இந்நேரம் ஜீப்புல இருப்பா.”

“யார் அவன்?” என்றார் அழகுராஜா.

“அக்கா, இவருக்குப் பேரை எழுதித்தான் கொடுக்கணும் போல” என்றான் காசிமாயன்.

ஹெப்சிபா கடைசி வீட்டுப் பாண்டிச்செல்வி கண்ட உள்பக்கப் பூட்டைச் சொன்னாள். லாட்ஜில் மின்னுகிற நட்டைச் சொன்னாள். தியானத்துக்குப் போன மோட்டாரைச் சொன்னாள், அதைக் காரில் ஏற்றிவிட்ட ஆள் வந்து சாட்சி சொல்வாள் என்பதையும் சொன்னாள். ஒன்பதாம் நம்பர் ரூம் என்றதும் ஆன்சன் கையிலிருந்த பேனா கீழே விழுந்தது. அவன் குனிந்து எடுக்கவில்லை. அக்காவைப் பார்த்தான்.

அந்தப் பார்வைதான் காசிமாயனுக்குப் புரியவில்லை. மாட்டிக்கொண்டவன் ஓடப் பார்ப்பான், இல்லை அழுவான். இவன் ஏதோ பழியில் பாக்கிப் பங்கை ஒப்படைக்கிறவன் மாதிரி டீச்சரைப் பார்த்தான். டீச்சர் படியில் உட்கார்ந்துவிட்டார்.

ஏன் எடுத்தேன் என்று ஆன்சன் சொல்ல ஆரம்பித்தான். லாட்ஜ், கஷ்டம், திருப்பி வைத்துவிடத்தான் நினைத்தேன் என்று குரல் குழைந்தது. ஹெப்சிபா கையைக் காட்டி நிறுத்தினாள்.

“அதை ஸ்டேஷன்ல சொல்லுங்க. கேட்டா எனக்கு எரிச்சல்தான் வரும். எனக்குத் தெரிய வேண்டியது வேற. கேட் சாவி உங்ககிட்ட இன்னொண்ணு இருக்கும், கூடப் பிறந்தவர், சரி. தொட்டிக்குள்ள நகை கிடக்குதுன்னு எப்படித் தெரியும்?”

பதில் சொன்னது டீச்சர். வேளாங்கண்ணி போகிற பஸ்ஸிலிருந்து போனில் பேசியபோது, வீட்டை அப்பப்போ பார்த்துக்கொள் என்று சொல்லி, இந்த மாதிரி வைத்திருக்கிறேன், எவனுக்கும் தோணாது என்று தானே பெருமையாகச் சொன்னதாகச் சொன்னார். தலையைக் குனிந்துகொண்டே சொன்னார்.

“ஆக, டப்பா காணோம்னு பார்த்த நிமிஷமே உங்களுக்குத் தெரியும்” என்றாள் ஹெப்சிபா. “அந்த இடம் தெரிஞ்ச இன்னொரு ஆள் யாருன்னு.”

“தம்பியா இருக்கும்னு நினைக்கலை.”

“நினைச்சீங்க. அதனாலதான் போன்ல சொன்னதை யார்கிட்டயும் சொல்லலை.”

டீச்சர் மறுக்கவில்லை. தம்பி பெயர் வெளியே வந்தால் சம்பந்தி வீட்டில் என்ன நினைப்பார்கள், மகள் கல்யாணம் என்ன ஆகும் என்று பயந்துவிட்டதாகச் சொன்னார். மீட்டர் மாட்ட வந்தவள் எப்படியும் நாலு நாளில் வெளியே வந்துவிடுவாள் என்று நினைத்தாராம். முப்பது வருஷமாக வகுப்பில் நின்று பொய் சொல்லாதே என்று பிள்ளைகளிடம் சொன்ன அதே வாய்.

காசிமாயனுக்கு இந்த இடத்தில் ஒரு தமாஷ் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. மண்ணில் துப்ப வேண்டும் போலவும் இருந்தது. ரெண்டையும் விழுங்கினான்.

அழகுராஜா அதிகாரத்தைத் திரும்பக் கண்டெடுத்து ஆன்சனின் தோளைப் பிடித்தார். ஜீப்பின் பின் கதவு திறந்தது. ஜெபமாலையைச் சட்டைக்குள் தள்ளிக்கொண்டு ஆன்சன் ஏறினான். கேட்டில் நின்ற கூட்டம் வழிவிட்டது, ஆனால் கலையவில்லை. போனை ஜெயக்கொடியிடம் கொடுத்த அழகுராஜா, நீ போகலாம்மா என்றார்.

அவள் போகவில்லை. மண்ணிலிருந்து ஸ்பேனர்களை ஒவ்வொன்றாக எடுத்துத் துணியில் துடைத்துப் பையில் வைத்தாள். வாஷரையெல்லாம் ஊதி ஊதி எடுத்தாள். யாரும் உதவிக்குக் குனியவில்லை, ஹெப்சிபாவும் காசிமாயனும் குனிந்ததை அவள் வேண்டாம் என்று தடுத்துவிட்டாள். பையைத் தோளில் மாட்டியபிறகு படிக்கு முன்னால் வந்து நின்றாள்.

டீச்சர் எழுந்தார். கேட்டுப் பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டு, கூட்டத்துக்குக் கேட்காதபடி, ஜெயக்கொடியின் கையைத் தொட்டு ஏதோ முணுமுணுத்தார். மன்னிச்சிரும்மா என்று காசிமாயனுக்கே அரைகுறையாகத்தான் கேட்டது.

ஜெயக்கொடி கையை விடுவித்துக்கொண்டாள்.

“திருடின்னு சொன்னது தெருக்கோடி வரைக்கும் கேட்டுச்சு டீச்சர். அம்புட்டுப் பேரும் இன்னும் வாசல்லதான் நிக்கிறாங்க. கேட்டுக்கு வந்து, அதே சத்தத்துல, இல்லைன்னு சொல்லுங்க.”